ஓசியா காட்லினுக்குக் கேட்காத ஆமென்

அந்த வருஷக் கோடையில் சின்ன பெதஸ்தா சபையில் பிரசங்கம் தொடங்கினால் முடிவதாக இல்லை. போதகர் ஓசியா காட்லின் அதற்கு முன்னால் அப்படிப்பட்ட ஆளல்ல. சாவகாசமாகத் தொடங்குவார், படிப்படியாக ஏறுவார், கடைசியில் பேச்சே பாட்டாகிவிடும். சபை எழுந்து நின்று கத்தி, அழுது, சிரித்து ஓய்ந்ததும் வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். எல்லாம் முக்கால் மணி நேரத்துக்குள் அடங்கும். ஜூன் மாதம் பிறந்ததிலிருந்து அவருக்கு என்ன வந்ததோ, உச்சிக்குப் போன பிறகும் இறங்க மாட்டேன் என்றார். சபை எழுந்து நின்று கத்தியது. அவர் மேலே ஏறினார். சபை தொண்டை வற்றி உட்கார்ந்தது. அவர் இன்னும் ஏறினார். அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வந்த பெண்கள் பின்கதவு வழியாக ஒவ்வொருவராக நழுவினார்கள்.

"மோசேகூட மலையை விட்டு ஒருநாள் இறங்கி வந்தாருப்பா. நம்ம ஐயா இறங்கவே மாட்டேங்கறாரே!" என்றார் சபை நிர்வாகத்தைக் கவனிக்கிற டீக்கன் பர்விஸ் டாலிவர். அவர் அலபாமாவில் உள்ள அந்த டார்வர் ஊரில் முடிவெட்டும் கடை வைத்திருந்தவர். ஊர்ப்பேச்சு முழுவதும் அவருடைய கத்தரிக்கோல் வழியாகத்தான் போகும், வரும்.

"ஆவி இறங்கியிருக்கு டீக்கன். அதான் நிறுத்த முடியலை," என்று நாற்காலியில் கழுத்துவரை துணி போர்த்தி உட்கார்ந்திருந்தவர் சமாதானம் சொல்லிப் பார்த்தார்.

"ஆவிக்குப் பசிக்காது. எனக்குப் பசிக்குதே. போன ஞாயித்துக்கிழமை வீட்டுக்குப் போய்ப் பாத்தா என் கோழி செருப்புத்தோலாட்டம் கிடக்கு."

ஆவியும் இல்லை, ஒன்றும் இல்லை. உண்மை ஓசியாவுக்கும் அவர் மனைவி வெர்னெலுக்கும் மட்டும்தான் தெரியும். போதகருக்குக் காது கேட்கவில்லை.

இடது காதை அவர் கொரியா யுத்தத்திலேயே விட்டுவிட்டு வந்திருந்தார். இரண்டு குளிர்காலம் பீரங்கிக்குப் பக்கத்தில் நின்று குண்டு ஏற்றியவருக்கு ஒரு காதோடு தப்பித்ததே பெரிய காரியம் என்பது அவருடைய கணக்கு. கூடப் போனவர்களில் பலருடைய உடம்பே திரும்பவில்லை. மிச்சமிருந்த வலது காதை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஒப்பேற்றினார். பீடத்தில் ஏறினால் வலது பக்கம் சபைத் தாய்மார்கள் என்று மதிக்கிற மூத்த பெண்கள் உட்காரும் பெஞ்சைப் பார்க்கிற மாதிரி லேசாகச் சாய்ந்து நிற்பார். அதை ஊர் ஒரு தோரணை என்றே நினைத்துவிட்டது. புதிதாகப் பிரசங்கம் பழகிய இளவட்டங்கள்கூட அதே மாதிரி சாய்ந்து நின்று பார்த்தார்கள். இந்த வசந்தத்தில் அந்தக் காதும் கதவைச் சாத்திவிட்டது.

வேறொரு சபையாக இருந்தால் பாதகமில்லை. சின்ன பெதஸ்தாவில் போதகர் பேச, மற்றவர்கள் கைகட்டிக் கேட்கிற வழக்கம் கிடையாது. அவர் ஒரு வரி கொடுத்தால் சபை ஒரு வரி திருப்பித் தரும். 'ஆமென்' என்றால் வண்டி சரியாகப் போகிறது. 'மெதுவா ஐயா, மெதுவா' என்றால் அவசரப்படாதே. 'ஆண்டவரே, அவருக்கு ஒத்தாசை பண்ணும்' என்று யாராவது முனகினால், பிரசங்கம் சேற்றில் மாட்டிக்கொண்டது என்பதை மரியாதையாகச் சொல்கிறார்கள். ஏறுவதா, நிற்பதா, இறங்குவதா என்பதை அந்தக் குரல்கள்தான் போதகருக்குச் சொல்லும். அது கேட்காத ஓசியா, சபை இன்னும் உச்சிக்கு வரவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு, மூச்சு முட்ட ஏறிக்கொண்டே இருந்தார்.

வாரத்தில் ஆறு நாள் அவருக்குக் கஷ்டம் தெரியவில்லை. வேர்க்கடலை மில்லில் வேலை. தோலுரிக்கிற இயந்திரங்களின் இரைச்சலில் அங்கே எல்லாருமே செவிடுதான். கையாலும் வாயசைவாலும் பேசிக்கொள்வார்கள். உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடிக்க அவர் அங்கே பழகியிருந்தார். அந்தப் பழக்கம் மே மாதம்வரை சபையிலும் கைகொடுத்தது. ஜூனில் வெயில் ஏறியதும், எல்லார் கையிலும் அட்டை விசிறி வந்துவிட்டது. சவ அடக்கம் செய்கிற கடைக்காரர் தன் பெயரையும் டெலிபோன் நம்பரையும் அச்சடித்து இலவசமாகக் கொடுத்த விசிறிகள். நாளைக்கு நம்மைப் புதைக்கப் போகிறவரே இன்றைக்குக் காற்றும் கொடுக்கிறார் என்று அவற்றை வாங்கி வைத்திருந்தார்கள். பீடத்திலிருந்து பார்த்தால் வாய் இருக்க வேண்டிய இடத்திலெல்லாம் விசிறி.

படைவீரர் ஆஸ்பத்திரிக்குப் போகாமலும் இல்லை. காதுக்குள் வைக்கிற ஒரு கருவியைக் கொடுத்தார்கள். அதை மாட்டிக்கொண்டு சபைக்குப் போனால் பெஞ்சு முனகுவது, குழந்தை அழுவது, பியானோ, இருமல் எல்லாம் ஒரே குவியலாக வந்து மண்டைக்குள் கொட்டியது. ஆமென் எது, இருமல் எது என்று பிரிக்க முடியவில்லை. நரம்பே போய்விட்டது, இதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது என்று டாக்டரும் கையை விரித்துவிட்டார்.

"சபைக்குச் சொல்லிருங்க," என்றாள் வெர்னெல். சொல்வதற்கு முன்னால் காலால் தரையை ஒரு மிதி மிதித்தாள். பலகைத் தரை அதிர்ந்தால் ஓசியா திரும்பிப் பார்ப்பார். வீட்டில் அதுதான் அழைப்புமணி.

"சொல்லி? காது கேக்காதவன்கிட்ட யாரு வந்து மனசு விட்டுப் பேசுவா? என்னை வச்சுக்கறதா அனுப்பறதான்னு பர்விஸ் அன்னைக்கே சபையை ஓட்டுக்கு விட்டுருவான்."

"விடட்டுமே. நாட்டுக்காகப் போன காதுதானே. திருடப் போன இடத்துலயா போச்சு?"

"நீ சும்மா இரு, வெர்னெல்."

"முப்பது வருஷமா சும்மாத்தான் இருக்கேன். நீங்கதான் ரெண்டு மணி நேரம் பேசறீங்க."

ஓசியா நன்றி கெட்ட மனிதரல்ல. நன்றியில் அவரை மிஞ்ச அந்தப் பக்கத்தில் ஆளே இல்லை. படுத்த கட்டில் பாடையாகாமல், போர்த்திய போர்வை கோடித்துணியாகாமல், புத்தி தெளிவோடு எழுப்பிவிட்டதற்காகத் தினமும் முழங்காலில் நின்று நன்றி சொல்கிற வழக்கம் அந்த ஊரில் எல்லாருக்கும் உண்டு. அவர் அதோடு நிறுத்த மாட்டார். காப்பிக்கு, செருப்புக்கு, வேலியில் வந்து உட்கார்ந்த குருவிக்கு என்று நீட்டிக்கொண்டே போவார். யுத்தம் முடிந்து சீருடையில் திரும்பி வந்தபோது, பஸ் டிரைவர் அவரைப் பின்சீட்டுக்குப் போகச் சொன்னான். வெள்ளைக்காரர்களுக்கு முன்பக்கம், கறுப்பர்களுக்குப் பின்பக்கம். துப்பாக்கி கொடுத்த நாடு உட்கார இடம் கொடுக்கவில்லை. பின்சீட்டில் இருந்த பெண்கள் அவரைப் பார்த்ததும் அழுதார்கள். வீட்டிலிருந்து கட்டி வந்த பொரித்த கோழியையும் பிஸ்கட்டையும் அவர் மடியில் வைத்தார்கள். வேறு யாராக இருந்தாலும் அந்த டிரைவரைப் பற்றித்தான் காலமெல்லாம் பேசியிருப்பார்கள். ஓசியா அந்தக் கோழியைப் பற்றித்தான் பேசுவார்.

ஆனால் காது விஷயத்தில் மட்டும் அவருக்குள் ஒரு பயம் இருந்தது. அதை வெர்னெலிடம்கூடச் சொன்னதில்லை.

ஆகஸ்ட் நடுவில் ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வெர்னெல் வெளியே போய்விட்டு வந்தாள். தரையை மிதிக்கவில்லை. நேராக வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"யூலாலி ரெண்டு வாரமா சர்ச்சுக்கு வரலையே, ஏன்னு தெரியுமா?"

"ஊருக்குப் போயிருப்பா."

"மார்ல கட்டியாம். நல்ல கட்டி இல்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். மான்ட்கோமரி ஆஸ்பத்திரியில ஆபரேஷன். முதமுதல்ல உங்ககிட்டதான் சொன்னாளாம். சர்ச் வாசல்ல. மெதுவா, உங்களுக்கு மட்டும்."

ஓசியா முள்கரண்டியைக் கீழே வைத்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்துவிட்டது. யூலாலி டிஸ்மியூக் வாசலில் கடைசி ஆளாக நின்றாள். பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்க்கிற விதவை. சின்ன வயதில் அவரோடு ஒன்றாகப் படித்தவள். சபையிலேயே ஆழமான குரல் அவளுடையது, ஆண்கள்கூட அந்த அடிக்குப் போக முடியாது. பக்கத்தில் நின்றவர்களுக்குத் தெரியக் கூடாது என்று விசிறியால் வாயை மறைத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். கண் கலங்கியிருந்தது. பிரசங்கம் அவளைத் தொட்டுவிட்டது என்று அவர் நினைத்துவிட்டார். இரண்டு கையையும் பிடித்துக் குலுக்கி, வாயெல்லாம் பல்லாக, "கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சிஸ்டர்! இதைவிட நல்ல சேதி உண்டா!" என்றார்.

"நீங்க என்ன சொன்னீங்கன்னும் அவ சொன்னா," என்றாள் வெர்னெல்.   

அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார்.

யூலாலி வீட்டுக் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். கார் வந்து நின்ற சத்தம் கேட்டிருக்க வேண்டும், திரும்பவில்லை. முதுகைக் காட்டிக்கொண்டே ஒரு போர்வையை உதறிக் கொடியில் போட்டாள். அவள் தோள் அசைவதைப் பார்த்தால் ஏதோ பேசுகிறாள் என்று தெரிந்தது.

"யூலாலி, இந்தப் பக்கம் திரும்பு," என்றார் ஓசியா.

அவள் திரும்பினாள். வாயில் மூன்று துணிக்கிளிப்புகளைக் கவ்விக்கொண்டிருந்தாள். கிளிப்புகளோடே மறுபடியும் ஏதோ சொன்னாள். முகம் கடுகடுவென்று இருந்தது.

"கிளிப்பை எடுத்துட்டுச் சொல்லு. உன் வாயைப் பாத்தாத்தான் நீ என்ன சொல்றேன்னு எனக்குத் தெரியும். எனக்குக் காது கேக்கலை, யூலாலி. ரெண்டு காதும் போயிருச்சு."

முப்பது வருஷமாகப் பிரசங்கம் செய்த மனிதருக்கு அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மூன்று மாதம் பிடித்தது.

யூலாலி கிளிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஏப்ரனில் போட்டுக்கொண்டாள்.

"என் கட்டிக்கு இன்னொரு ஸ்தோத்திரம் சொல்ல வந்தீங்களான்னு கேட்டேன்," என்றாள்.

"நீ சொன்னது எனக்குக் கேக்கலை. நான் சிரிச்சுத் தொலைச்சேன். உன் கண்ணீரைப் பாத்தும் சிரிச்சேன். என்னை மன்னிச்சிரு."

அவள் அவரையே பார்த்தாள். கடுகடுப்பு கொஞ்சம் கொஞ்சமாக மாறி முகத்தில் வேறு ஏதோ கணக்கு ஓடியது.

"அப்ப ஜூன்லேர்ந்து நாங்க கத்தினது எதுவுமே..."

"எதுவுமே."

"உக்காருங்க, உக்காருங்கன்னு போன மாசம் தாய்மார் பெஞ்சே சேந்து சொல்லுச்சே!"

"அதுவும்தான்."

யூலாலிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. போர்வையைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். "பர்விஸ் வீட்டுக் கோழி... ஐயோ... பாவம் பர்விஸ்..." சிரிப்பு பாதியிலேயே அழுகையாக மாறியது. போர்வையிலேயே முகத்தைத் துடைத்தாள். ஓசியா பக்கத்தில் நின்றார்.  பிரசங்கம் பண்ணவில்லை. இந்தக் கோடை முழுவதிலும் அவர் செய்த நல்ல காரியம் அதுதான்.

கொஞ்சம் தெளிந்ததும் அவள் சொன்னாள்: "உங்க மேல கோவம் அன்னைக்கு ராத்திரியே போயிருச்சு. போகாதது வேற. அன்னையிலேர்ந்து எனக்கு ஜெபம் வரலை. முட்டி போட்டா வாய் திறக்க மாட்டேங்குது. எழுந்து வந்துடறேன். ஒரு வார்த்தை வரலை."

"நான் ஜெபம் பண்ணட்டுமா?"

"பண்ணுங்க. உங்களுதுதான் எப்பவும் நீளம்."

அந்தக் கொல்லையில் ஈரத்துணிகளுக்கு நடுவே நின்று அவர் ஜெபித்தார். அதிசயமாகச் சுருக்கமாக முடித்தார். கண்ணைத் திறந்து பார்த்தால், யூலாலி உதடு அசையாமல் நின்றிருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை சபையில சொல்லுங்க," என்றாள்.

"ஆண்டு விருந்து முடிஞ்சதும் கூட்டம் வச்சிருக்கான் பர்விஸ். என்னைப் பத்தித்தான். நானே வாயைக் கொடுத்தா, கையைத் தூக்கி அனுப்பிருவாங்க."

"அனுப்பினா அனுப்பட்டும். உங்களுக்கு வேற என்னவோ பயம் இருக்கு. இல்லேன்னா இவ்வளவு வீம்பு வராது. சின்ன வயசுலேர்ந்து பாக்கறேன்."

அவர் காலால் புல்லைத் தேய்த்துக்கொண்டு நின்றார். பிறகு வெர்னெலிடம்கூடச் சொல்லாததை அவளிடம் சொன்னார். பாப்டிஸ்ட் சபையில் ஒருவர் போதகராக வேண்டுமென்றால், கடவுள் தன்னைக் கூப்பிட்டதை எழுந்து நின்று சொல்ல வேண்டும். ஓசியா சொன்னதை ஊரே அறியும். கொரியாவில் மூன்று நாள் ஓயாமல் பீரங்கி முழங்கி நின்ற ஒரு விடியற்காலையில், தன் பெயரை யாரோ இரண்டு தடவை கூப்பிட்டது அவருக்குக் கேட்டது. திரும்பிப் பார்த்தால் கூட இருந்தவர்கள் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

"காதால கேட்டுத்தான் நான் இதுக்கு வந்தேன், யூலாலி. அந்தக் காதையே எடுத்துட்டார்னா என்ன அர்த்தம்? போதும்டா, நீ போன்னு சொல்றாரோன்னு..."

"இருங்க. மூணு நாள் பீரங்கி வெடிச்ச அன்னைக்கு உங்களுக்குக் காது கேட்டுச்சா?"

"எங்க கேட்டுச்சு? ரெண்டும் அடைச்சுப் போச்சு. வாரக்கணக்கா ஒண்ணும் கேக்கலை. அப்புறம்தான் வலது பக்கம் மட்டும்..."

அவர் கை காதுக்குப் போய் நின்றது.

"அப்ப எந்தக் காதால கேட்டீங்க?" என்றாள் யூலாலி. பதிலுக்குக் காத்திருக்காமல் அடுத்த போர்வையை எடுத்து உதறினாள்.

ஞாயிற்றுக்கிழமை சபையின் ஆண்டு விருந்து. டெட்ராய்ட்டிலும் சிகாகோவிலும் பிழைக்கப் போனவர்கள் எல்லாம் பிள்ளைகுட்டியோடு வந்திருந்தார்கள். ஓக் மரத்தடியில் நீள மேசைகளில் பொரித்த கோழியும் கீரையும் சோள ரொட்டியும் பீச் பழ இனிப்பும் துணி மூடிக் காத்திருந்தன. உள்ளே ஒரு பெஞ்சிலும் இடமில்லை. யூலாலி வெள்ளை உடையும் அகலத் தொப்பியுமாக, தாய்மார்கள் பெஞ்சுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தாள். டாலிவர் முன்வரிசையில் கடிகாரத்தைக் கையில் கழற்றி வைத்துக்கொண்டிருந்தார். அதை மறைக்கக்கூட இல்லை.

ஓசியா பீடத்தில் ஏறினார். அன்றைக்கு வலது பக்கம் சாயவில்லை, நேராக நின்றார்.

"வசனத்துக்குப் போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். எனக்குக் காது கேக்கலை. கொஞ்சம்கூட. இந்தக் கோடை பூரா நீங்க சொன்ன ஆமென் ஒண்ணுகூட எனக்கு வந்து சேரலை. நீங்க இன்னும் வரலைன்னு நினைச்சு நான் இழுத்துட்டே போனேன். சில பேர் மனசு விட்டுப் பேசினதுக்குத் தப்பா பதில் சொல்லியிருக்கேன். பெருமைக்காக மறைச்சுட்டேன். அது என் பாவம். இன்னைக்கு மத்தியானம் கூட்டம் இருக்குன்னு தெரியும். நீங்க என்ன முடிவு பண்ணினாலும், இந்தச் சபை எனக்குச் செஞ்சதுக்கு நான் சாகிறவரைக்கும் நன்றி சொல்லுவேன்."

அத்தனை விசிறியும் நின்றுவிட்டது. அதற்குப் பின்னால் யார் என்ன சொன்னார்கள் என்று அவருக்குத் தெரியவில்லை. வெர்னெல் முதல் ஆளாகத் தன் விசிறியை மடியில் வைத்தாள். பக்கத்தில் இருந்தவள் அவளைப் பார்த்துவிட்டுத் தானும் வைத்தாள். வரிசை வரிசையாக விசிறிகள் இறங்கின. ஆகஸ்ட் மாத அலபாமா வெயிலில், கூரைக்குக் கீழே அடைபட்ட காற்றில், நெற்றியிலிருந்து வேர்வை ஒழுக ஒழுக, சபை முழுவதும் முகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தது. ஓசியாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. மூன்று மாதமாகப் பார்க்காத வாய்களைப் பார்த்தார்.

ஆண்டவர் குணமாக்கிய பத்து குஷ்டரோகிகளின் கதையை எடுத்தார். பத்துப் பேரும் குணமானார்கள்; ஒருவன் மட்டும் திரும்பி வந்து நன்றி சொன்னான். அவருக்கு உயிரான கதை, தூக்கத்தில்கூடச் சொல்வார். ஆனால் அன்றைக்கு வண்டி நகரவில்லை. வாய்கள் அசைவது தெரிந்தது. அது வாய் நிறைய வந்த ஆமெனா, மரியாதைக்குச் சொன்ன ஆமெனா என்பது உதட்டில் தெரியாது. ஒரு வரி சொல்லி நின்றார். அடுத்த வரியைச் சீக்கிரமாகச் சொன்னார். அதற்கடுத்ததை மறந்தார். முன்பெஞ்சில் ஒரு பெண்ணின் உதட்டை அவரால் தெளிவாகப் படிக்க முடிந்தது: ஆண்டவரே, அவருக்கு ஒத்தாசை பண்ணும். பக்கத்து வாயும் அதையே சொன்னது. இதோடு முடிந்தது, இறங்கிவிடலாம் என்று அவர் நினைத்தார்.

அப்போது யூலாலி எழுந்து வந்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து பீடத்தின் படிக்கட்டுவரை வந்து நின்றாள். சின்ன பெதஸ்தாவில் பெண்கள் பீடம் ஏறக் கூடாது. பேச வேண்டுமென்றால் கீழே நின்றுதான் பேச வேண்டும். டாலிவர் பாதி எழுந்தார். யூலாலி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போதகரைப் பார்த்து, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிதானமாகச் சொன்னாள்:

"நான் ஏறக் கூடாது. நீங்க இறங்கலாமில்ல?"

ஓசியா இறங்கினார். அவள் சபையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டு, அவர் வலது கையைப் பிடித்துத் தன் முதுகில், இரண்டு தோளுக்கும் நடுவே வைத்தாள். பிறகு தலையை அசைத்தாள்: ம், சொல்லுங்க.

"பத்துப் பேர் போனாங்க," என்றார் ஓசியா.

அவர் உள்ளங்கைக்குள் ஆமென் வந்தது.

அந்த ஆழக் குரல் அவள் நெஞ்சில் பிறந்து முதுகெலும்பு வழியாக அவர் கைக்கு வந்தது. மூன்று மாதம் பட்டினி கிடந்தவனுக்குச் சோறு போட்ட மாதிரி இருந்தது. "பத்துப் பேருக்கும் சுகம்," என்றார். கையில் பதில் வந்தது. "ஒன்பது பேர் வீட்டைப் பாத்து ஓடுனாங்க. தப்பு சொல்ல மாட்டேன், பெண்டாட்டி பிள்ளையைப் பாத்து எத்தனை வருஷமாச்சோ!" யூலாலியின் முதுகு சிரிப்பில் குலுங்கியது, நிமிர்ந்து பார்த்தால் சபையே குலுங்கிக்கொண்டிருந்தது. அவள் முனகினால் அவர் காத்திருந்தார். அவள் தள்ளினால் ஏறினார். பேச்சு பாட்டாக மாறிய இடத்தில் சபை எழுந்தது. பலகைத் தரை அவர் காலுக்குக் கீழே அதிர்ந்தது. அந்தப் பத்தாவது ஆள் பாதி வழியில் நின்று திரும்புகிற இடத்தில், யூலாலியின் முதுகில் ஏதோ ஒன்று நீளமாக, ஆமெனைவிட நீளமாக, விட்டு விட்டு ஓடியது. அவர் கையை எடுக்காமல் அது ஓயும்வரை காத்திருந்தார். பிறகு அந்த ஆளைக் கொண்டுபோய் ஆண்டவர் காலடியில் சேர்த்தார். உச்சி இதுதான் என்று உள்ளங்கைக்குத் தெரிந்துவிட்டது. நிறுத்தினார்.

டாலிவர் கடிகாரத்தைப் பார்த்தார். காதருகே வைத்து, ஓடுகிறதா என்றும் பார்த்தார். பிறகு எழுந்து போதகருக்கு முன்னால் வந்து நின்று, கைக்குழந்தைக்குச் சொல்வதைப் போல வாயை அகலமாகத் திறந்து, "கூட்டம்... மத்தியானம்... இல்லை," என்றார்.

"நான் செவிடுதான் பர்விஸ், முட்டாள் இல்லை. சாதாரணமாச் சொல்லு."

சபை சிரித்த சிரிப்பு அவருக்குத் தரை வழியாக வந்தது. டாலிவரும் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். "மூணு மாசம் ஏன்யா சொல்லலை? என்கிட்ட முடிவெட்ட வர்றியே, கண்ணாடியில என் வாய் தெரியுதுல்ல, அங்கயாவது சொல்லியிருக்கலாம்ல?" என்றார். ஐயா போய் 'யா' வந்திருந்தது. முப்பது வருஷத்தில் அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. ஓசியாவுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது.

விருந்தில் ஓசியா ஒரு தட்டை எடுத்துக்கொண்டு மேசைக் கோடியில் இருந்த யூலாலிக்கு எதிரே போய் உட்கார்ந்தார்.

"நடுவுல நீ ஏதோ நீளமாச் சொன்னே. ஆமென் இல்லை அது. என்ன சொன்னே?"

யூலாலி வாயில் இருந்ததை மென்று விழுங்கினாள். முகத்தை அவருக்கு நேராகத் திருப்பினாள்.

"உங்ககிட்டச் சொல்லலை."

அவருக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஜெபம் வந்துருச்சா?"

"வந்துருச்சு. நீங்க ஸ்தோத்திரம் சொன்ன மாதிரி எல்லாம் இல்லை. எனக்குப் பயமா இருக்குன்னு சொன்னேன். நிறையச் சண்டை போட்டேன். கடைசியில கொஞ்சூண்டு நன்றியும் சொன்னேன், வாயாவது திறந்துச்சேன்னு." அவள் நாப்கினால் கையைத் துடைத்துக்கொண்டாள். "செவ்வாய்க்கிழமை மான்ட்கோமரிக்கு நீங்கதான் என்னைக் கூட்டிட்டுப் போகணும். நான் வழி பூரா பேசிட்டு வருவேன். யாருகிட்டயும் சொல்ல முடியாததெல்லாம் பேசுவேன். நீங்க ரோட்டைப் பாத்து ஓட்டுங்க. பதில் சொல்லணும்னு இல்லை."

"எனக்குத்தான் ஒண்ணும் காதுல விழாதே, யூலாலி."

"அதுக்குத்தான் உங்களைக் கூப்பிடறேன்."

செவ்வாய்க்கிழமை விடிந்ததும் போனார்கள். வெர்னெல் சாப்பாட்டுக் கூடையோடு பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். யூலாலி முன்சீட்டில் உட்கார்ந்து, ஊர் எல்லை தாண்டுவதற்கு முன்பே தொடங்கிவிட்டாள். பருத்திக் காடுகளையும் பெட்ரோல் நிலையங்களையும் தாண்டி அவள் பேசிக்கொண்டே வந்தாள். ஓசியா கண்ணாடியில் பார்த்தபோது வெர்னெல் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்னொரு தடவை பார்த்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். என்ன பேச்சு என்று அவர் கேட்கவில்லை. ரோட்டைப் பார்த்து ஓட்டினார். பக்கத்தில் ஒருத்தி உயிரோடு பேசிக்கொண்டு வருகிறாள் என்பதற்காக, மான்ட்கோமரி வரும்வரை மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டே போனார்.